விமான ஊழியர் லேஓவர் (வெளியூரில் தங்கல்) சாப்பாட்டுப்படி: 2024 வரிக் கழிவை எப்படிக் கணக்கிடுவது? (அமெரிக்கா)

நீலவானம்_எல்ஏ | 2025 பிப்ரவரி 9

எல்லோருக்கும் வணக்கம். கேபின் க்ரூ வேலை. பேஸ் (பணி தொடங்கி முடியும் விமான நிலையம்) லாஸ் ஏஞ்சலஸின் எல்.ஏ.எக்ஸ், குடியிருப்பும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிதான். கம்பெனி பெர் டியம் (பயணப் படி) உள்நாட்டுப் பேரிங்குக்கு (பேஸில் கிளம்பித் திரும்பும்வரையான பயணத் தொகுப்பு) மணிக்கு 2.40 டாலர், வெளிநாட்டுக்கு 3 டாலர். அரசு நிர்ணயித்த தினப்படி இதைவிடக் கூடுதல் என்பதால் அந்த வித்தியாசத்தை வரியில் கழிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். வித்தியாசம் இல்லை, அரசு விகிதத்தின் மொத்தத்திலேயே 80% போடலாம் என்கிறார் இன்னொருவர். 2018-லேயே எல்லாம் போய்விட்டது என்பவரும் உண்டு. எது சரி? ஒரு பேரிங்கை எடுத்துப் போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை | 2025 பிப்ரவரி 9

மூன்றாவது ஆள் பாதி சரி. மற்ற இருவரில் வித்தியாசம் என்று சொன்னவர் சரி.

ஃபெடரல் (மத்திய அரசு) ரிட்டர்னில் சம்பள ஊழியருக்கு இந்தக் கழிவு இல்லை. 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம், கம்பெனி திருப்பித் தராத வேலைச் செலவுகளை ஷெட்யூல் ஏ என்ற கழிவுப் பட்டியல் படிவத்தில் கழிப்பதை 2018 முதல் 2025 வரை நிறுத்திவைத்தது. சாப்பாடு, யூனிஃபார்ம், சங்கச் சந்தா எல்லாம் அதோடு போயின.

சில மாநிலங்கள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், பென்சில்வேனியா, மின்னசோட்டா, ஹவாய், அலபாமா, ஆர்கன்சா ஆகிய இடங்களில் மாநில ரிட்டர்னில் ஏதோ ஒரு வடிவில் இன்னும் இருக்கிறது. நீங்கள் கலிஃபோர்னியாவாசி, அதனால் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. டெக்சஸ், ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரியே இல்லை. இல்லினாய், நியூஜெர்சி, ஜார்ஜியாவில் வரி உண்டு, இந்தக் கழிவு இல்லை. அந்த ஊர்க்காரர்கள் இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

---

பேரிங்பாண்டி | 2025 பிப்ரவரி 9

இங்கே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நிறையப் பேர் குழம்புகிற இடம் இது. எந்த மாநிலம் என்பதை பேஸ் முடிவு செய்யாது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 49-ஆம் தலைப்பில் 40116-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பல மாநிலங்களில் வேலை பார்க்கும் விமான ஊழியரின் சம்பளத்துக்கு இரண்டே மாநிலங்கள்தான் வரி போடலாம்: அவர் வசிக்கும் மாநிலம், அப்புறம் சம்பளத்தில் பாதிக்கு மேல் எந்த மாநிலத்தில் சம்பாதிக்கிறாரோ அது. பறக்கும் நேரம் பல மாநிலங்களின் மேல் சிதறிக் கிடப்பதால் இரண்டாவது யாருக்கும் லேசில் பொருந்தாது.

அதனால் எஸ்.எஃப்.ஓ (சான் ஃபிரான்சிஸ்கோ) பேஸ் என்றாலும் வீடு டெக்சஸில் இருந்தால் கலிஃபோர்னியா வரியும் இல்லை, கழிவும் இல்லை. பேஸ் டாலஸ், வீடு கலிஃபோர்னியா என்றால் மாநிலக் கழிவு கேட்கலாம். ஆனால் வரிக் கணக்கில் உங்கள் 'வீடு' டாலஸ்தான். அங்கே எடுக்கும் கிராஷ்பேட் (க்ரூ பகிர்ந்து தங்கும் இடம்) வாடகை, அங்கே சாப்பிடும் சாப்பாடு, அங்கே போய்வரும் கம்யூட், இவை எதையும் கழிக்க முடியாது. டாலஸை விட்டுக் கிளம்பிய பிறகுதான் படிக் கணக்கே ஆரம்பம்.

---

கணக்குப்பிள்ளை | 2025 பிப்ரவரி 10

பாண்டி சொன்னது முக்கியம். இப்போது பேரிங்.

விமானம், ரயில், லாரி, கப்பலில் ஓடும் ஊழியர்களுக்கு வருவாய்த் துறை ஒரு சிறப்பு விகிதம் வைத்திருக்கிறது. எந்த ஊரில் தங்கினாலும் ஒரே தொகை. 2024 செப்டம்பர் 30 வரை உள்நாட்டில் ஒரு நாளுக்கு 69 டாலர், வெளியே 74. அக்டோபர் 1 முதல் 80, 86. அலாஸ்காவும் ஹவாயும் இந்தக் கணக்கில் 'வெளியே'தான், மறக்க வேண்டாம்.

மே மாதத்தில் மூன்று நாள் உள்நாட்டுப் பேரிங் ஒன்று என்று வையுங்கள். முதல் நாள் மதியம் 1 மணிக்கு எல்.ஏ.எக்ஸ்-இல் ரிப்போர்ட் (பணிக்கு ஆஜர்), இரவு பாஸ்டன். இரண்டாம் இரவு டென்வர். மூன்றாம் நாள் மாலை 4 மணிக்கு ரிலீஸ் (பணி முடிவு).

கிளம்பும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் முக்கால் பங்கு: 51.75. நடு நாளுக்கு முழுசாக 69. மொத்தம் 51.75 + 69 + 51.75 = 172.50.

கம்பெனி தந்தது: பேஸை விட்டு வெளியே இருந்த நேரம் 51 மணி. 51 × 2.40 = 122.40.

வித்தியாசம் 50.10. இதில் 80% என்றால் 40.08 டாலர். அந்தப் பேரிங்குக்கு அவ்வளவுதான்.

சாதாரண ஊழியருக்குச் சாப்பாட்டில் 50%தான் கழிவு. போக்குவரத்துத் துறையின் பணிநேர வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு 80%. எஃப்.ஏ.ஏ (விமானப் போக்குவரத்து நிர்வாகம்) விதிகளின் கீழ் வரும் பைலட், க்ரூ, டிஸ்பேட்சர், மெக்கானிக் எல்லோரும் இதில் அடக்கம். கழிப்பது முதலில், 80% பிறகு. ஃபார்ம் 2106-ஐப் பார்த்தாலே தெரியும்: செலவு ஒரு வரி, கம்பெனி தந்தது அடுத்து, மீதி, அதன் பிறகுதான் சதவீதம். 172.50-இல் 80% எடுத்து 138 என்று போட்டால், கம்பெனி ஏற்கெனவே வரியில்லாமல் தந்த 122.40-க்கு மறுபடி கழிவு கேட்டதாகிவிடும். ஆய்வில் முதலில் அடிபடுவது இதுதான்.

---

ஓடுபாதை28 | 2025 பிப்ரவரி 10

டர்ன் பற்றி யாரும் சொல்லவில்லையே. எல்.ஏ.எக்ஸ் – சியாட்டில் – எல்.ஏ.எக்ஸ் என்று அன்றே திரும்பும் பயணத்துக்குச் சாப்பாட்டுக் கழிவு கிடையாது. இரவுத் தூக்கம் அல்லது ஓய்வு தேவைப்படும் அளவுக்கு வெளியே இருந்தால்தான் 'வீட்டைவிட்டு வெளியே' என்று எடுத்துக்கொள்வார்கள். உச்ச நீதிமன்றம் 1967-இல் கோரல் வழக்கில் உறுதி செய்தது இது. பதினான்கு மணி நேர டர்ன் ஆனாலும் பேச்சே இல்லை.

அதனால்தான் டர்னுக்கு வரும் பெர் டியம் சம்பளமாகவே கணக்கில் ஏறி, டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்றின் முதல் பெட்டிக்குள் போய்விடுகிறது. லேஓவர் உள்ள பயணத்தின் படி வரியில்லாமல் வரும். சம்பளச் சீட்டில் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கும்.

கழிவுக் கணக்கில் வரியில்லாத படியை மட்டும் கழியுங்கள். டர்ன் படிக்கு நீங்கள் ஏற்கெனவே வரி கட்டியாகிவிட்டது. அதையும் சேர்த்துக் கழித்தால் உங்கள் கையிலிருந்துதான் போகும். சங்கக் கூட்டங்களில் சுற்றுக்கு விடும் எக்செல் ஷீட்டுகளில் மொத்த பெர் டியத்தையும் ஒரே கட்டத்தில் போடச் சொல்லியிருந்தால் அந்த ஷீட்டை நம்ப வேண்டாம்.

---

நீலவானம்_எல்ஏ | 2025 பிப்ரவரி 10

ரொம்ப நன்றி. நள்ளிரவில் போய் இறங்கி, நாலைந்து மணி நேரம் ஹோட்டலில் படுத்துவிட்டு விடியலில் திரும்பும் ஸ்டாண்ட்-அப் பயணம்? பகலில் டே-ரூம் (சில மணி நேர ஹோட்டல் அறை) தரும் நீண்ட சிட் (இரு விமானங்களுக்கு இடையில் காத்திருப்பு)? அவை எந்தப் பக்கம்?

---

ஓடுபாதை28 | 2025 பிப்ரவரி 10

ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத இடம். முழு இரவு வேண்டும் என்பதில்லை. கணிசமாகத் தூங்கும் அளவுக்குப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும், அந்தத் தூக்கம் அடுத்த பணிக்குத் தேவையானதாக இருக்க வேண்டும். வரி நீதிமன்றத்தில் 2006-இல் பிசோனெட் என்ற படகு கேப்டன் வழக்கு. பதினைந்து மணிக்கு மேல் நீளும் நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் அவர் கட்டில் போட்டுத் தூங்கிய நாள்களுக்குப் படியை அனுமதித்தார்கள். இடைவெளி மிகச் சிறிதாக இருந்த பருவத்துக்கு மறுத்துவிட்டார்கள்.

அதை வைத்துப் பார்த்தால், ஹோட்டல் அறையோடு கூடிய ஸ்டாண்ட்-அப் தேறும். அறையும் இல்லாமல் விமான நிலைய நாற்காலியில் மூன்று மணி நேரம் சாய்ந்தது தேறாது. கம்பெனி அந்தப் பயணப் படியைச் சீட்டில் எந்தத் தலைப்பில் வைத்திருக்கிறது என்றும் பாருங்கள். அவர்களே வரிக்கு உட்படுத்தியிருந்தால், நீங்கள் கழிவு கேட்கும்போது ஓய்வு நேரத்துக்கு ஆதாரம் வலுவாக இருக்க வேண்டும்.

---

மணிமேகலை_எஸ்எஃப்ஓ | 2025 பிப்ரவரி 11

கணக்குப்பிள்ளை சார், முக்கால் பங்கு ஒரே வழி இல்லையே. நியாயமான வணிக வழக்கத்துக்கு உட்பட்டு, ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கும் எந்த முறையும் செல்லும் என்று விதியிலேயே இருக்கிறது. வருவாய்த் துறையின் 463-ஆம் எண் வெளியீட்டில் உதாரணமே தந்திருக்கிறார்கள்: காலை 9 மணிக்குக் கிளம்பி மறுநாள் மாலை 5-க்குத் திரும்பும் ஊழியருக்கு இரண்டு முழு நாள்.

க்ரூவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு நாள் பேரிங் ஒன்றை எடுங்கள். காலை 6 மணிக்கு ரிப்போர்ட், மறுநாள் இரவு 10-க்கு ரிலீஸ். 40 மணி நேரம், கம்பெனி படி 96 டாலர். முக்கால் முறையில் அரசு விகிதம் 103.50, வித்தியாசம் 7.50, கழிவு ஆறே டாலர். முழு நாள் முறையில் 138, வித்தியாசம் 42, கழிவு 33.60. அந்த இரண்டு நாளும் மூன்று வேளையும் வெளியேதானே சாப்பிட வேண்டியிருக்கிறது?

---

கணக்குப்பிள்ளை | 2025 பிப்ரவரி 11

சரியான சுட்டல், மேடம். விதி அப்படித்தான். ஆனால் 'ஒரே மாதிரி' என்ற நிபந்தனை கடுமையானது. காலை 6 மணிப் பயணத்துக்கு முழு நாள் என்று எடுத்தால், இரவு 9 மணிக்கு ரிப்போர்ட் செய்யும் ரெட்-ஐ (இரவு முழுக்கப் பறக்கும்) பயணத்துக்கும் முழு நாள் எடுத்தாக வேண்டும். மூன்று மணி நேரம் மட்டும் வெளியே இருந்த நாளுக்கு 69 டாலர் கேட்பது நியாயமான வழக்கமா என்று ஆய்வாளர் கேட்டால் சொல்லப் பதில் வேண்டும். நேரத்தை வைத்துப் பிரிக்கும் முறையும் செல்லும்: நள்ளிரவிலிருந்து ஆறு ஆறு மணியாக நான்கு கால், எத்தனை காலில் வெளியே இருந்தீர்களோ அத்தனை கால் பங்கு. காலை 6 மணிக்கு முன் கிளம்புபவருக்கும் மாலை 6 மணிக்குப் பின் திரும்புபவருக்கும் அந்த நாளில் இது முக்காலைவிடச் சாதகமாகவே வரும்.

எதை எடுத்தாலும் ஜனவரியில் எடுத்ததை டிசம்பர் வரை மாற்றக்கூடாது. பயணத்துக்கு ஏற்ப எது லாபமோ அதைப் பொறுக்குவது தவறு. கேள்வி வராத வழி எது என்றால் என் பரிந்துரை முக்கால் முறைதான். ரெட்-ஐ அதிகம் பறக்கும் சீனியாரிட்டியில் இருப்பவர்களுக்கு அது நட்டமும் இல்லை.

---

மணிமேகலை_எஸ்எஃப்ஓ | 2025 பிப்ரவரி 11

சரி, அதை அவரவர் ரோஸ்டரை (மாதப் பணிப் பட்டியல்) பார்த்து முடிவு செய்யட்டும். இதைவிடப் பெரிய தொகை ஒன்று இருக்கிறது: சிறப்பு விகிதம் கட்டாயம் இல்லை. நகர வாரியான விகிதத்தையும் எடுக்கலாம்.

உள்நாட்டுக்கு ஜி.எஸ்.ஏ என்ற மத்திய அரசு அமைப்பின் பட்டியல். 2024 செப்டம்பர் வரை சாதாரண ஊர்களுக்கு 59, நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ மாதிரி ஊர்களுக்கு 79. ரீஜனல் ஏர்லைனில் சின்ன ஊர்களில் இறங்குபவருக்கு 69-தான் லாபம். பெரிய நகரங்களிலேயே லேஓவர் என்றால் பட்டியல் லாபம். அலாஸ்கா, ஹவாய்க்குப் பாதுகாப்புத் துறையின் பட்டியல். வெளிநாட்டுக்கு வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் பட்டியல். லண்டன், டோக்கியோ போன்ற இடங்களில் சாப்பாட்டு விகிதம் நாளுக்கு 100 டாலரைத் தாண்டும். அங்கே 74-ஐப் பிடித்துக்கொண்டிருப்பது வீண்.

உதாரணத்துக்கு டோக்கியோ பேரிங். பேஸ் நேரப்படி மூன்று தேதிகள், வெளியே 50 மணி நேரம், கம்பெனி படி 150. சிறப்பு விகிதத்தில் 55.50 + 74 + 55.50 = 185. வித்தியாசம் 35, கழிவு 28 டாலர். நகர விகிதம் 120 என்று வைத்துக்கொள்வோம் (அந்த மாதப் பட்டியலைப் பார்த்து உண்மைத் தொகையைப் போடுங்கள்): 90 + 120 + 90 = 300. வித்தியாசம் 150, கழிவு 120.

திரும்பும் நாளுக்கு எந்த ஊர் விகிதம்? முந்தின நாள் விகிதம். மற்ற நாள்களுக்கு அன்றிரவு எங்கே தங்குகிறீர்களோ அந்த ஊர்.

---

கணக்குப்பிள்ளை | 2025 பிப்ரவரி 12

இதற்கு ஒரு வேலி இருக்கிறது. உள்நாட்டுச் சிறப்பு விகிதத்தை ஒரு பயணத்துக்கு எடுத்தால் அந்தக் காலண்டர் ஆண்டின் எல்லா உள்நாட்டுப் பயணத்துக்கும் அதுவே. வெளிநாட்டுச் சிறப்பு விகிதமும் அப்படியே. ஆனால் இரண்டும் தனித்தனி. உள்நாட்டுக்குச் சிறப்பு விகிதம், வெளிநாட்டுக்கு நகர வாரி என்று வைத்துக்கொள்ளத் தடை இல்லை. கலவையாகப் பறப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நல்ல ஏற்பாடு, வேலையும் குறைவு.

கடைசி மூன்று மாத விஷயமும் சொல்லிவிடுகிறேன். விகிதம் அக்டோபர் 1 அன்று மாறுகிறது, வரி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பழைய 69/74-ஐயே தொடரலாம், அல்லது புதிய 80/86-க்கு மாறலாம். எதுவானாலும் மூன்று மாதத்துக்கும் ஒன்றே. 2024-இல் விகிதம் ஏறியிருப்பதால் மாறுவதுதான் லாபம். நான் போட்ட அதே மூன்று நாள் பேரிங் நவம்பரில் வந்தால் 60 + 80 + 60 = 200. மென்பொருள் ஆண்டு முழுவதற்கும் ஒரே விகிதத்தைப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். புத்தாண்டைத் தாண்டும் பேரிங்கைத் தேதிப்படி இரண்டு ஆண்டாகப் பிரிக்க வேண்டும்.

---

நீலவானம்_எல்ஏ | 2025 பிப்ரவரி 12

இப்போது ஓரளவு பிடிபடுகிறது. முழு ஆண்டுக்கும் போட்டு, கடைசியில் கைக்கு எவ்வளவு வரும் என்று காட்ட முடியுமா சார்? கலிஃபோர்னியாவின் ஷெட்யூல் சி.ஏ படிவத்தில் எங்கே போடுவது?

---

கணக்குப்பிள்ளை | 2025 பிப்ரவரி 13

தனி நபர், ஃபெடரல் ஏ.ஜி.ஐ (சரிக்கட்டிய மொத்த வருமானம்) 62,000 என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆண்டில் அந்த மூன்று நாள் பேரிங் 40. அதில் 30 செப்டம்பருக்குள், 10 அதற்குப் பிறகு.

அரசு விகிதம்: 30 × 172.50 = 5,175. 10 × 200 = 2,000. மொத்தம் 7,175.
கம்பெனியின் வரியில்லாப் படி: 40 × 122.40 = 4,896.
வித்தியாசம் 2,279. அதில் 80%: 1,823.

இதோடு மற்ற வேலைச் செலவுகள் சேரும். சங்கச் சந்தா 600, கம்பெனி தராத யூனிஃபார்ம் பராமரிப்பு 350, க்ரூ பெட்டி 180, வரி தயாரிப்புக் கட்டணம் 150 என்று வைத்தால் மொத்தம் 3,103.

இனிமேல்தான் வெட்டு. ஏ.ஜி.ஐ-யில் 2%, அதாவது 1,240 வரை கணக்கிலேயே வராது. மீதி 1,863.

அடுத்த வெட்டு, பட்டியல் போடாதவருக்கு நிலையாகக் கிடைக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன். 2024-இல் கலிஃபோர்னியாவில் தனி நபருக்கு 5,540, தம்பதிக்கு 11,080. வாடகை வீடு, வேறு கழிவு எதுவும் இல்லை என்றால் 1,863 அதைத் தாண்டாது. பலன் பூஜ்யம். வீட்டுக் கடன் வட்டி 9,000, சொத்து வரி 4,000 என்று ஏற்கெனவே ஐட்டமைஸ் செய்பவருக்கு (கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுபவருக்கு) 1,863-உம் முழுசாகக் கழியும். அவர் 6% வரி விகிதத்தில் இருப்பார், மிச்சம் சுமார் 112 டாலர்.

ஃபெடரலில் ஸ்டாண்டர்ட் எடுத்துவிட்டு மாநிலத்தில் மட்டும் ஐட்டமைஸ் செய்யலாம். நியூயார்க்கும் அப்படியே. கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் தொகை ஃபெடரலைவிட மிகச் சிறியது என்பதால் பலருக்கு இது சாத்தியம். மென்பொருள் தானாகச் செய்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். ஃபெடரலில் பலன் இல்லை என்பதால் வேலைச் செலவுக் கேள்விகளையே அது தாண்டிப் போகக்கூடும். ஃபார்ம் 2106 விவரங்களை நாமே தேடிப் போய் நிரப்ப வேண்டும்.

இடம்: ஷெட்யூல் சி.ஏ, இரண்டாம் பகுதி, வேலைச் செலவுகள் என்ற பிரிவு. அதிலேயே 2% கழிக்கும் வரியும் இருக்கிறது. மாநிலத்துக்கென்று தயாரித்த 2106-ஐ இணைக்க வேண்டும்.

---

பேரிங்பாண்டி | 2025 பிப்ரவரி 13

112 டாலர். க்ரூ பெர் டியம் மட்டும் போட்டுத் தர 100, 150 டாலர் கேட்கிற ஆள்கள் இருக்கிறார்கள். டெக்சஸ்காரரிடமும் வாங்கிக்கொண்டு அழகான அறிக்கை அடித்துத் தருகிறார்கள், அதை எங்கேயும் போட முடியாது. காசு கொடுக்கும் முன் மூன்று கேள்வி: என் மாநிலம் பட்டியலில் இருக்கிறதா? மாநிலத்தில் நான் ஐட்டமைஸ் செய்கிறேனா? என் செலவு ஏ.ஜி.ஐ-யின் 2%-ஐத் தாண்டுமா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அங்கேயே நிறுத்திவிடலாம் (பென்சில்வேனியாவுக்கு மட்டும் பின்னிரண்டு கேள்வியும் பொருந்தாது). முதல் ஐந்து வருட க்ரூ சம்பளத்தில் அந்த 150 பெரிய காசு.

பைலட்டுகளுக்கு 2% பெரிய தடை. ஏ.ஜி.ஐ 2,40,000 என்றால் 4,800 வரை ஒன்றும் தேறாது. அவர்களுக்குச் சங்கச் சந்தா சம்பளத்தில் சதவீதமாகப் போவதால் அதுதான் இந்தத் தடையை ஏறக்குறைய நிரப்பித் தரும். படி வித்தியாசம் அதன் மேல் சேரும்போதுதான் பலன்.

---

ஓடுபாதை28 | 2025 பிப்ரவரி 14

ஆவணம் பற்றி. தினப்படி முறையில் சாப்பாட்டு ரசீது தேவையில்லை. எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் எந்தத் தேதி, எந்த ஊர், என்ன பணி, இந்த மூன்றையும் நிரூபித்தாக வேண்டும். பறந்து முடித்த பேரிங்கின் பதிவு வேண்டும். பிட் செய்தபோது (விருப்பம் கேட்டபோது) வந்த லைன் (மாதப் பணித் திட்டம்) போதாது, ட்ரிப் ட்ரேடு (பயணம் மாற்றிக்கொள்வது), ரீ-ரூட் (வழி மாற்றம்) எல்லாம் நடந்திருக்கும். கம்பெனித் தளத்தில் பழைய மாதங்கள் சில காலத்தில் மறைந்துவிடும். மாதம் முடிந்ததும் பி.டி.எஃப் ஆக இறக்கி வைப்பது ஒரு நிமிட வேலை.

கலிஃபோர்னியா வரி வாரியத்துக்கு ஆய்வு செய்ய நான்கு ஆண்டு அவகாசம், ஃபெடரலுக்கு மூன்று. ஆக நான்கு ஆண்டுக்கு வைத்திருங்கள்.

வரியில்லாப் படியின் ஆண்டுத் தொகையை டபிள்யூ-2-வில் தேடி ஏமாற வேண்டாம். 12-ஆம் பெட்டியில் எல் குறியீட்டில் வர வேண்டியது, அரசு விகிதத்தைவிடக் கூடுதலாகக் கம்பெனி தந்தால் மட்டும்தான். மணிக்கு 2.40 தருகிற இடத்தில் அது வராது. 14-ஆம் பெட்டியில் சில கம்பெனிகள் போடுவதுண்டு. இல்லையென்றால் டிசம்பர் கடைசிச் சம்பளச் சீட்டின் ஆண்டு மொத்தம்தான் வழி.

டிப்ஸும் ஒன்று. ஹோட்டல் ஊழியர், பெட்டி தூக்குபவருக்குத் தரும் டிப்ஸ் அந்த 69-க்குள்ளேயே அடக்கம். தனியாக நாளுக்கு நாலு டாலர் என்று சேர்த்துப் போடுவது இரட்டைக் கணக்கு. எல்லாச் சாப்பாடும் கம்பெனியே தருகிற ஏற்பாடு என்றால் சில்லறைச் செலவுக்கான 5 டாலர் மட்டும்தான் கேட்க முடியும். 2000-ஆம் ஆண்டில் ஜான்சன் என்ற கப்பல் கேப்டன் வழக்கில் வரி நீதிமன்றம் சொன்னது அது.

---

கீழைக்காற்று_பிஹெச்எல் | 2025 பிப்ரவரி 16

பென்சில்வேனியாவுக்கும் யாராவது சொல்லுங்களேன்.

---

மணிமேகலை_எஸ்எஃப்ஓ | 2025 பிப்ரவரி 16

உங்கள் மாநிலத்துக்கு வழியே வேறு. ஷெட்யூல் யூ.இ என்ற வேலைச் செலவுப் படிவம். அங்கே 2% தடை இல்லை, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்ற சுவரும் இல்லை. வரி ஒரே விகிதம், 3.07%. ஆயிரம் டாலர் கழிவுக்கு 30.70 டாலர் நிச்சயமாக மிஞ்சும். மாநிலம் செலவுக் கழிவை ஃபெடரல் விதிப்படி பார்ப்பதில்லை, தன் சொந்தச் சட்டப்படிதான் பார்க்கும். ஆகவே நீங்கள் படி விகிதத்தை நம்பி ரசீதை எறிய வேண்டாம். லேஓவர் சாப்பாட்டுக்கு ஒரே கார்டைப் பயன்படுத்தி, ரசீதையும் படம் எடுத்து வையுங்கள்.

---

மீனம்பாக்கம் | 2025 பிப்ரவரி 18

இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். இந்தியாவில் பறக்கும் க்ரூவுக்கு இந்த மாதிரி ஏதாவது உண்டா? லேஓவர் படிக்கு வரி பிடிக்கிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை | 2025 பிப்ரவரி 18

உண்டு, ஆனால் அமைப்பே வேறு. அங்கே செலவைக் கழிப்பது இல்லை, படிக்கு விலக்கு. 2024-25 நிதியாண்டுக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(14)-ஆம் பிரிவும் 2பிபி விதியும் பார்க்க வேண்டும். இரண்டு வழி.

ஒன்று, வழக்கமான பணியிடத்தைவிட்டு வெளியே இருக்கும்போது தரும் தினப்படி. உண்மையில் செலவான அளவுக்கு விலக்கு, மிஞ்சியதற்கு வரி.

மற்றது, போக்குவரத்து ஊழியர்களுக்கே உரியது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வண்டி ஓடும் பணியின்போது ஆகும் சொந்தச் செலவுக்கான படியில் 70%, மாதம் 10,000 ரூபாய் வரை விலக்கு. தினப்படி வாங்குபவருக்கு இது கிடையாது. மாதப் படி 12,000 என்றால் 8,400 விலக்கு, 3,600-க்கு வரி. 18,000 என்றால் 70% கணக்கில் 12,600 வந்தாலும் 10,000-தான் விலக்கு, 8,000-க்கு வரி.

2024-25 நிதியாண்டில் புதிய வரி முறையில் இருந்தால் இந்த 70% விலக்கு இல்லை. செலவான அளவுக்கான தினப்படி விலக்கு மட்டும் புதிய முறையிலும் உண்டு. புதிய முறைதான் இப்போது இயல்பாக எடுத்துக்கொள்ளப்படுவது, பழையது வேண்டும் என்றால் நீங்கள் சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் கம்பெனி அந்தப் படியை எந்தப் பெயரில் தருகிறது, நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள், இரண்டையும் பே-ரோல் பிரிவில் கேளுங்கள். பறக்கும் மணிக் கணக்கில் வரும் ஃப்ளையிங் அலவன்ஸ் சம்பளம்தான், அதை இதோடு சேர்க்காதீர்கள்.

---

நீலவானம்_எல்ஏ | 2025 மார்ச் 2

கேட்க மறந்த ஒன்று. பழைய ஆண்டுகளுக்குத் திருத்தி அனுப்ப முடியுமா?

---

ஓடுபாதை28 | 2025 மார்ச் 2

முடியும். கலிஃபோர்னியாவில் பொதுவாக நான்கு ஆண்டுக்குள், ஷெட்யூல் எக்ஸ் என்ற திருத்த விளக்கப் படிவத்தை இணைத்து. அந்த ஆண்டு நீங்கள் மாநிலத்தில் ஐட்டமைஸ் செய்தீர்களா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் பெரும்பாலும் வீண் வேலை. விகிதம்: 2018 அக்டோபர் முதல் 2021 செப்டம்பர் வரை 66/71. 2021 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரை 69/74.

2024-க்கு உங்களுக்கு அவசரம் இல்லை. ஜனவரித் தீ விபத்துகளால் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்காரர்களுக்கு ஃபெடரல், மாநிலம் இரண்டிலும் கெடு 2025 அக்டோபர் 15 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. டிசம்பர் ரோஸ்டர் தளத்திலிருந்து மறைவதற்குள் அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

---

மணிமேகலை_எஸ்எஃப்ஓ | 2025 ஆகஸ்ட் 6

இந்த இழையைத் தேடி வருபவர்களுக்காக. 2025-உடன் தடை முடிந்து 2026-இல் ஃபெடரல் கழிவு திரும்பும் என்று பலர் காத்திருந்தோம். ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அந்தத் தடையை நிரந்தரமாக்கிவிட்டது. பள்ளி ஆசிரியர்களின் செலவுக்கு மட்டும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள், க்ரூவுக்கு இல்லை. இனிக் கம்பெனி தரும் மணிப் படியை ஒப்பந்தத்தில் உயர்த்திக் கேட்பதுதான் பெரிய வழி. அரசு விகிதத்துக்குள் இருக்கும்வரை அந்த உயர்வுக்கு வரியும் இல்லை. 69, 80 ஆனபோது நாளுக்கு 11 டாலர் இடம் கூடுதலாகத் திறந்திருக்கிறது. சங்கப் பேச்சுவார்த்தைக் குழுக்களிடம் இந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை | 2025 ஆகஸ்ட் 7

24 மணிக்கு 80 என்றால் மணிக்கு 3.33 வரை. ஆனால் கிளம்பும் நாள், திரும்பும் நாளின் முக்கால் பங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மணிமேகலை மேடம் போட்ட அந்த 40 மணி நேரப் பேரிங்குக்கு வரம்பு 120 டாலர், மணிக்கு 3 ஆகிறது. அதைத் தாண்டும் பகுதி சம்பளமாகி வரிக்குள் போகும். குழுவிடம் கொடுக்கும்போது இரண்டு எண்ணையும் கொடுங்கள்.